பன்னிரண்டாவது பாட்டு

கல்கத்தா
4 டிசம்பர் 1998

ஹெப்,

ஒரு தங்கை அண்ணனோடு பேசி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. பேச வேண்டாம். ஆனால் டிசம்பர் வந்தால் இங்கிருந்து ஒரு பட்டியல் ஷில்லாங்குக்குப் போக வேண்டும், அங்கிருந்து ஒன்று இங்கே வர வேண்டும். நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது நாம் போட்ட ஒப்பந்தம் இது. சண்டை வேறு, பட்டியல் வேறு. அந்த வருஷம் வெளிவந்ததில் மனதுக்குப் பிடித்த பத்து ஆல்பம், எந்த மொழியாக இருந்தாலும், கோயில் பாட்டோ குடிகாரப் பாட்டோ எதுவானாலும். ஒரே நிபந்தனை, முதல் பாட்டில் தொடங்கி கேசட் தானாக நிற்கும் வரை மூன்று முறை கேட்டிருக்க வேண்டும்.

பத்தாவது இடம் திமாபூர்ப் பையன்களின் 'எலும்பு மாதம்'. உனக்காகச் சேர்த்தேன். நாலு பேர் சேர்ந்து ஒரு வீட்டை இடிக்கிற சத்தம், ஆனால் தாளம் பிசகாமல் இடிக்கிறார்கள். ஒன்பதாவது, பவானிப்பூரில் ஒரு கிழவர் எஸ்ராஜ் வாசித்திருக்கிறார், இரண்டு பக்கமும் ஒரே ராகம். எட்டு, ஐஸ்வாலிலிருந்து ஒரு பெண்மணி. ஞாயிற்றுக்கிழமை பாட்டை வெள்ளிக்கிழமை சாராயக் கடைக் குரலில் பாடுகிறாள். ஏழிலிருந்து நான்கு வரை தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன், அதில் அமெரிக்க ப்ளூஸ் ஒன்று, பீர்பூம் பாவுல் பாடகர் ஜோடி ஒன்று. மூன்று, லாகூர்க்காரரின் கஜல். அவர் மூச்சு விடுகிற இடத்தில் நாமும் மூச்சு விட்டால் போதும், ஆயுசு கூடும். இரண்டு, எங்கள் ஊர்ப் பொடியன்களின் 'ஏழாம் நம்பர் டிராம்'. என் ஆபீசில் தேயிலை ருசி பார்க்கிற கெட்டிக்காரர்கள்கூட இதை முணுமுணுக்கிறார்கள்.

முதலிடம்? உட்கார்ந்துகொள். 'ஈரத் துணிகள்', ரிடாஹுனும் ஆறு பெண்களும். ஆமாம் ரிடா, உன்னுடையதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேசையில் நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். "சர்ச் அக்காமாருங்க ஏழு பேரு சேந்து ஆல்பமா? யாரு வாங்குவா, போதகரா?" என்று கேட்டது நான்தான். நீ தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாய். அதோடு சரி. இப்போது சொல்கிறேன், ஏழு குரலும் மண்வாசனையோடு எழும்பி, ஆதி மலைப் பாட்டும் நவீன ப்ளூஸும் கைகோத்து நடக்கின்றன. பக்கவாத்தியங்களின் சிக்கனம் பாராட்டத் தக்கது. குறிப்பாகப் பன்னிரண்டாவது பாட்டு, 'மழைக்குப் பிறகு வந்த பஸ்'. அதில் உன் குரல் மேலே ஏறுகிற இடத்தில் நான் வேலையை விட்டுவிட்டு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றேன். ஆல்பத்தை முடிக்க அதைவிடப் பொருத்தமான பாட்டு கிடையாது.

வழக்கம்போல அம்மாவைக் கணப்பு அருகில் உட்கார வைத்து இதையெல்லாம் படித்துக் காட்டு. அவளுக்குப் பாதிப் பெயர் புரியாது, ஆனாலும் கேட்பாள். தொண்டைக் கமறல் சரியாகிவிட்டதா? வெற்றிலை பாக்கைக் குறைக்கச் சொல். கிறிஸ்துமஸுக்கு இந்த முறையும் வர முடியாது போலிருக்கிறது, வருஷக் கடைசித் தேயிலை ஏலம்.

உன் பட்டியலை எதிர்பார்க்கும்
பாஹே ஷான்போர்


ஷில்லாங்
14 டிசம்பர் 1998

பாஹே,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. என் பட்டியல் இந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. முதல் மூன்று பேரும் சத்தமான ஆட்கள், உனக்குப் பிடிக்காது. ஐந்தாவதாக இருக்கும் நேபாளித் தாலாட்டை மட்டும் கேள். பட்டியல் வேறு, சண்டை வேறு என்று எழுதியிருந்தாய், அதனால்தான் அனுப்புகிறேன்.

நீ சொன்னபடி அம்மாவைக் கணப்பு அருகில் உட்கார வைத்தேன். போன் கடை அக்கா கோங் திரிசாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். அவள் எங்கள் ஏழு பேரில் ஒருத்தி, அடிக்குரல் அவளுடையது. தன்னைப் பற்றி நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்க ஆசை. நான் பத்திலிருந்து ஆரம்பித்துப் படித்தேன். அம்மா வீட்டை இடிக்கிற பையன்களுக்குச் சிரித்தாள். முதலிடம் நம்முடையது என்றதும் திரிசா கை தட்டினாள். அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம்தான். அந்த வேகத்தில் நான் படித்துக்கொண்டே போய்விட்டேன் பாஹே. பன்னிரண்டாவது பாட்டு, உன் குரல் மேலே ஏறுகிற இடம், ஜன்னலோரம் போய் நின்றேன், எல்லாவற்றையும் உரக்கப் படித்து முடித்த பிறகுதான் நான் என்ன படித்தேன் என்பது எனக்கே உறைத்தது. திரிசா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அப்புறம் எழுந்து படுக்கப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அந்தக் கேசட்டில் பன்னிரண்டாவது பாட்டு கிடையாது.

அட்டையை ஜூன் மாதமே குவாஹாத்தியில் அடித்துவிட்டார்கள். ஜூலையில் பாடப் போனபோது எங்களில் இரண்டு பேருக்குக் காய்ச்சல், 'மழைக்குப் பிறகு வந்த பஸ்' பதிவாகவே இல்லை. அட்டையைத் திரும்ப அடிக்க வழியில்லாமல் அப்படியே விட்டோம். வாங்கிய எல்லோரும் என்னிடம் வந்து, அந்தப் பாட்டு எங்கே என்று கேட்டார்கள். நீ ஒருத்தன்தான் அதைக் கேட்டு எழுந்து நின்றிருக்கிறாய்.

இரண்டாம் பக்கத்தின் கடைசியில் அந்தப் பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று இருக்கிறது. என்ன என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. ஷில்லாங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். கேசட்டைத் திற. கேட்டுவிட்டு எழுது.

ரிடா


கல்கத்தா
20 டிசம்பர் 1998
விரைவு அஞ்சல்

ஹெப்,

கையும் களவுமாகப் பிடித்துவிட்டாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் மறைத்ததோடு நிற்காமல் அதன் ருசியையும் புகழ்ந்திருக்கிறேன்.

நீ செப்டம்பரில் அனுப்பிய கேசட் மேல்தாள் கிழிக்காமல் என் அலமாரியில் இருந்தது. மண்வாசனை, கைகோத்தல், பக்கவாத்தியச் சிக்கனம் எல்லாம் குவாஹாத்திப் பத்திரிகை ஒன்றில் யாரோ எழுதியது. பன்னிரண்டாவது பாட்டு மட்டும் என் சொந்தச் சரக்கு. அட்டையில் பெயர் நன்றாக இருந்தது, கடைசிப் பாட்டைப் பாராட்டினால் கடைசி வரை கேட்டதாக நீ நம்புவாய் என்று கணக்குப் போட்டேன். இன்னும் சொல்லிவிடுகிறேன், அந்தப் பத்தில் நான் ஒழுங்காகக் கேட்டது நாலுதான். லாகூர்க்காரரை ஒரு பக்கம் கேட்டேன். இரண்டு மூன்று வருஷமாகவே எனக்கு இப்படித்தான். கடைக்குப் போகிறேன், அட்டைகளைப் புரட்டுகிறேன், யாராவது எழுதியதைப் படிக்கிறேன். ஆபீசில் என்னைப் பாட்டு சாகிப் என்று கூப்பிடுகிறார்கள், நானும் வாய் கூசாமல் பேசுகிறேன். கேட்க மட்டும் உட்கார முடிவதில்லை.

உன்னுடையதை ஏன் திறக்கவில்லை என்று நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பொறாமை. இருபது வயதில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நானும் மூன்று பேரும் உருளைக்கிழங்குக் கிடங்கில் ஐந்து வருஷம் வாசித்தோம். ஒரு கேசட் வரவில்லை. இதில் சோறு இல்லை என்று எல்லோருக்கும் புத்தி சொல்லிவிட்டு நான்தான் முதலில் பஸ் ஏறினேன். நீ வீட்டைப் பார்த்துக்கொண்டு, அம்மாவின் ஆரஞ்சுக் கூடைகளைச் சந்தைக்கு இறக்கிக்கொண்டு, அங்கேயே இருந்து ஆறு அக்காமாரோடு சாதித்துவிட்டாய். பிரித்தால் நன்றாக இருந்துவிடுமோ என்ற பயம் ஹெப். வெட்கமாக இருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் திறந்தேன். நன்றாக இருக்கிறது. அதை இப்போது நான் எப்படிச் சொன்னாலும் நீ நம்பமாட்டாய், நம்பாதே.

பதினொன்றாவது பாட்டு முடிந்தது. நாற்காலி இழுபடுகிற சத்தம். அப்புறம் அம்மா. பதினெட்டு தடவை திருப்பிக் கேட்டுவிட்டேன், வார்த்தை வார்த்தையாக எழுதியும் வைத்திருக்கிறேன்.

"இந்தச் செவப்பு வெளக்கு எரிஞ்சா பேசணுமாம். எரியுது. ஷான்போர், உன் தங்கச்சிய டீ வாங்க அனுப்பிட்டேன், அவ வரதுக்குள்ள சொல்லிடறேன். நீ சாப்பாட்டத்தான் பாதில விட்டுட்டு ஓடுவ, பாட்ட விட மாட்ட. அதனாலதான் இதுல பேசறேன். உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். போன்ல ஆவாது, திரிசா கடைல பத்துப் பேரு காதத் தீட்டிக்கிட்டு நிப்பாங்க. லெட்டர்னா உன் தங்கச்சி எழுதணும், அவளுக்குத் தெரிய வேணாம். நான் என் வாயால உன்கிட்ட சொல்லணும். செர்ரி பூக்கறதுக்குள்ள வந்துடு. வரியா? சரி, நிறுத்துங்க."

நடுவில் இரண்டு முறை இருமுகிறாள்.

செர்ரி நவம்பரிலேயே பூத்து உதிர்ந்திருக்கும். ஆறு வாரம் நான் ஏலக் கணக்கு எழுதிக்கொண்டு இருந்திருக்கிறேன். ஏன் செர்ரிக்குள் என்றாள்? அவளுக்கு உடம்புக்கு ஏதாவதா? மறைக்காமல் எழுது. 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் திரிசா கடைக்குப் போன் செய்கிறேன். அம்மாவை அழைத்துவா. அந்த விஷயத்தை அப்போது சொல்ல வேண்டாம், திட்டினால் போதும். ரயிலுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், ஒன்றாம் தேதிக்கு முன் இடமில்லை.

ஷான்போர்


ஷில்லாங்
28 டிசம்பர் 1998

பாஹே,

நேற்றுப் போனில் நடந்ததை உன்னிடம் மறைத்துவிட்டேன். நீ கிளம்புவதற்குள் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று விரைவு அஞ்சலில் போடுகிறேன். வீட்டுக்குள் நுழைந்து பார்த்து நீயே தெரிந்துகொள்ளக் கூடாது.

இரண்டு மணிக்கு முன்பே அம்மா கிளம்பிவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு எடுத்த புதுச் சால்வையைப் போட்டுக்கொண்டாள். மணி அடித்ததும் திரிசா எடுத்து அவள் காதில் வைத்தாள். நீ பேசினாய். நான் பக்கத்திலேயே இருந்ததால் எல்லாம் கேட்டது. "அம்மா, கேட்டேம்மா, இப்பத்தாம்மா கேட்டேன்" என்றாய். பதில் வராததும் "பேசும்மா, திட்டவாவது செய்யும்மா" என்று கத்தினாய். கடையில் சர்க்கரை வாங்க வந்தவர்கள்கூட அசையாமல் நின்றார்கள். அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு நான் வாங்கிக்கொண்டேன். "ரொம்பக் கோவமா இருக்காளா?" என்று நீ கேட்டதற்கு ஆமாம் என்றேன்.

கோபம் இல்லை. அம்மாவுக்குக் குரல் இல்லை. நவம்பர் 24ஆம் தேதி குவாஹாத்தியில் தொண்டையைத் திறந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மே மாதத்திலேயே புற்று என்று சொல்லிவிட்டார்கள். முதலில் கரண்ட் வைத்துப் பார்ப்போம், கேட்காவிட்டால் நவம்பரில் ஆபரேஷன், பேச்சு போய்விடும் என்றார் டாக்டர். அதுதான் அவள் சொன்ன செர்ரிக் கணக்கு. ஜூலையில் கரண்ட் வைக்க எங்களோடு குவாஹாத்தி வந்தபோதுதான், பாட்டு போன இடத்தில் அவள் பேசினாள். கழுத்தில் இப்போது ஒரு ஓட்டை இருக்கிறது, அதன் வழியாகத்தான் மூச்சு. சால்வையை அதன்மேல் சுற்றிக்கொள்கிறாள். எழுதிக் காட்டவும் வழியில்லை. அவள் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தவளா என்ன, ஆரஞ்சை எண்ணத் தெரியும், அவ்வளவுதான்.

இதை ஒரு தபால் அட்டையில் நான் எழுதியிருக்கலாம். எழுதக் கூடாது என்று அம்மா சொன்னது உண்மை. "நோவுன்னு சொல்லி வரவழைக்காத. என் குரலக் கேட்டுட்டு வரட்டும். அவன் கேப்பான்" என்றாள். ஆனால் அவள் சொன்னதை நான் என்றைக்கு முழுசாகக் கேட்டிருக்கிறேன்? நான் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் வேறு.

நானூறு கேசட் போனது பாஹே. வாங்கிய அத்தனை பேரும் அம்மா பேசுவதைக் கேட்டார்கள். செப்டம்பரிலிருந்து சந்தையிலும் டாக்சியிலும் சர்ச் வாசலிலும் என்னை நிறுத்தி, "அண்ணன் வந்துட்டாரா?" என்று கேட்கிறார்கள். இன்னும் வரவில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு ஆத்திரம் ஏறிப்போயிற்று. அக்டோபரில் எனக்குத் தெரிந்துவிட்டது, நீ பிரிக்கவில்லை என்று. அப்போதுகூட எழுதவில்லை. டிசம்பர் பட்டியல் வரட்டும், என்ன எழுதுகிறான் பார்ப்போம் என்று இருந்தேன். உன்னைக் கேவலப்படுத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே போன் பூத் இருந்தது. பைக்குள் உன் ஆபீஸ் நம்பர் இருந்தது. நான் எழுந்து போகவில்லை.

நீ செய்தது பொய். நான் செய்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. பட்டியல் வந்த அன்று அவள் சாப்பிடாமல் படுத்ததும் எனக்குப் பழி தீர்ந்தது போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

வா. அவள் உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். எனக்கே பாதிதான் பிடிபடுகிறது. மெல்லப் பழகும் என்கிறார்கள்.

ரிடா


கல்கத்தா
17 ஜனவரி 1999

ஹெப்,

நேற்று வந்து சேர்ந்தேன். பத்து நாள் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் நாம் தனியாகப் பத்து நிமிஷம் பேசவில்லை. ஊரே வந்து போய்க்கொண்டிருந்தது. சந்தைக்காரிகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, "வந்துட்டியா ராசா" என்று ஒருத்தி கேட்டதற்குள் நாலு அறை இருந்தது. அடிபட வேண்டியவன்தான். நீ மட்டும் சோறு போட்டாய்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று ரயிலில் யோசித்துப் பார்த்தேன். இருக்கிறது. ஆனால் அதை எடுத்துப் பேசுகிற யோக்கியதை எனக்கில்லை, அதனால் அது அப்படியே கிடக்கட்டும். நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. உன்னிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை.

நான் கிளம்பிய அன்று மதியம் அம்மா உன்னைத் திரிசா கடைக்கு மண்ணெண்ணெய் வாங்க அனுப்பினாள் நினைவிருக்கிறதா? வீட்டில் கேன் நிறைய இருந்தது. நீ போனதும் கதவைச் சாத்தினாள். என்னை முக்காலியில் உட்கார வைத்து, எதிரே முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்து, சால்வையை விலக்கிவிட்டு ஆரம்பித்தாள்.

இருபது நிமிஷம் இருக்கும். உதடு அசைகிறது, காற்று மட்டும் கழுத்து வழியாகப் போய் வருகிறது. முதலில் 'அப்பா' என்றாள், அது தெரிந்தது. நடுவில் விரல்களால் கிட்டார் மீட்டுகிற மாதிரி காட்டினாள். ஒரு இடத்தில் எதையோ மடித்து நெருப்பில் போடுகிற மாதிரி கை போனது. அல்லது சோற்றுக் கவளம் பிடிக்கிற மாதிரியா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நிறுத்தி நிறுத்திக் கேட்டிருக்கலாம். "இன்னொரு தரம் சொல்லும்மா" என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. அவள் வாயைப் பார்க்க முடியவில்லை ஹெப், கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் அழுதாள். ஒருமுறை சிரித்தாள், நானும் சிரித்தேன்.

முடித்துவிட்டு என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். புரிந்ததா என்று கேட்கிறாள், அந்தக் கேள்வி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நான் தலையாட்டினேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வாயைத் திறந்து பேசவும் செய்தேன். "புரிஞ்சுதும்மா. அதெல்லாம் பரவால்லம்மா. நான் ஒண்ணும் நெனச்சுக்கல" என்றேன். அவள் என் இரண்டு கன்னத்தையும் தட்டிக்கொடுத்தாள். அப்போதுதான் நீ கேனோடு உள்ளே வந்தாய்.

எதற்குப் பரவாயில்லை என்றேன் என்று எனக்கே தெரியாது. அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாளா, என்னை மன்னித்தாளா, வீட்டைப் பற்றிச் சொன்னாளா, அப்பாவைப் பற்றியா, ஒன்றும் தெரியாது. ஆறு மாதமாக மனதில் சுமந்ததை இறக்கி வைத்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் கேட்காத ஒன்றைக் கேட்டேன் என்று அவள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன். உனக்குப் பொய் எழுதியபோது இடையில் முந்நூறு மைல் இருந்தது. இந்த முறை முழங்கால் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

உனக்கு அந்த விஷயம் என்னவென்று தெரியுமா? தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் அவளிடம் கேட்டு எழுது. நான் புரியாமல் தலையாட்டினேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஷான்போர்


ஷில்லாங்
25 ஜனவரி 1999

பாஹே,

நான் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நீ ஏறிய வண்டி திருப்பத்தில் மறைவதற்குள் அம்மா என் கையைக் கிள்ளி, வாயைப் பார் என்றாள். எனக்கு இப்போது முக்கால்வாசி பிடிபடுகிறது. "தலைய ஆட்டிட்டுப் போறான் பாரு. ஒரு எழவும் புரியல அவனுக்கு" என்றாள். நாற்பது வருஷம் சந்தையில் உட்கார்ந்தவள், வாங்க வந்தவன் யார், தலையாட்ட வந்தவன் யார் என்று அவளுக்குத் தெரியாதா?

பிறகு ஏன் கன்னத்தைத் தட்டினாய் என்று கேட்டேன். "ரயிலுக்கு நேரமாச்சு. அழுதுக்கிட்டே ஏறுவான்" என்றாள்.

என்ன விஷயம், என்னிடம் சொல், நான் எழுதி அனுப்புகிறேன் என்று இரண்டு நாள் கேட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் கரண்டியை ஓங்கினாள். உன்னிடம் மட்டும்தானாம், அவள் வாயால் மட்டும்தானாம். நீ போனதிலிருந்து காலையில் அப்பா விட்டுப்போன சவரக் கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்துக்கொண்டு எதிரே உட்காருகிறாள். ஒவ்வொரு வார்த்தையாக உதட்டை மெதுவாகக் குவித்து, விரித்து, தனக்கே சொல்லிப் பார்க்கிறாள். நான் போனால் கண்ணாடியைக் கவிழ்த்துவிடுகிறாள். உனக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பழகுகிறாள்.

இந்த முறை நான் எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை டாக்டர் பார்த்தார். கழுத்தின் இடது பக்கமும் புற்று வந்துவிட்டதாம். கரண்ட் வைத்துப் பயனில்லை, மார்ச் வரைக்கும் என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை. அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். உனக்கு எழுதுகிறேன் என்பதும் அவளுக்குத் தெரியும்.

பிப்ரவரி முதல் வாரத்துக்குள் வா. வந்து உட்கார்ந்து அவள் வாயைப் பார். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று அவளிடம் சொல்.

ரிடா